கண்ணிக்குள் ஓடும் கரண்ட்

கையால் செய்கிற வேலைகளில் எது அதிகச் சந்தோஷம் தருகிறது என்று என்னை யாராவது கேட்டால், யோசிக்கவே மாட்டேன். மின்கடத்தும் நூலில் பின்னுவதுதான்! இரண்டு பின்னல் ஊசி, ஒரு உருண்டை கம்பளி நூல், உலோகம் கலந்த சின்ன நூல்கண்டு ஒன்று, ஒரு பட்டன் பேட்டரி, ஒரு எல்.இ.டி. மூலதனம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு, மூச்சை இழுத்தால் ஒளிர்கிற மார்புப் பட்டையைப் பின்னலாம். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று சொல்லும் உறை பின்னலாம். விரல்நுனியில் மட்டும் வெள்ளி நூலைக் கலந்து கையுறை பின்னினால், ஊட்டிக் குளிரிலும் அதைக் கழற்றாமலே செல்போனைத் தடவலாம். எல்லாமே மெத்தென்ற துணி. மடித்து பீரோவில் வைக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டால் அலசவும் செய்யலாம். கோவையில் ஸ்வெட்டரும் மஃப்ளரும் பின்னிக்கொண்டிருந்த என் கை, இந்த நூலைத் தொட்ட பிறகு வேறு எதையும் எடுக்க மறுக்கிறது.

எலக்ட்ரானிக்ஸ் என்றாலே பச்சை நிறப் பலகை, ஈயப் பற்று, பிளாஸ்டிக் பெட்டி என்றுதான் நம் மனதில் பதிந்திருக்கிறது. உடம்பில் அணியும் கருவி என்றால், அந்தப் பெட்டியை ஒரு பட்டையில் மாட்டிக் கையில் கட்டிக்கொள்வது. பின்னலில் இந்தக் கதையே மாறிவிடுகிறது. இங்கே துணியே கம்பி, துணியே உணரி, துணியே ஸ்விட்ச். அதை நம் விரல்களே கண்ணி கண்ணியாக உருவாக்குகின்றன. எனக்கு இதில் பித்துப் பிடித்ததற்கு முழுக் காரணமும் அதுதான்.

இரண்டு நூல், இரண்டு குணம்

மின்கடத்தும் நூலில் பல வகை உண்டு. பின்னல்காரருக்கு முக்கியமானவை இரண்டு.

முதலாவது, நைலான் இழைமேல் வெள்ளி முலாம் பூசிய நூல். சாம்பல் நிறத்தில் மெல்லிய பளபளப்போடு இருக்கும். தொட்டால் பட்டுபோல வழுக்கும். மின்தடை குறைவு. பேட்டரியிலிருந்து விளக்குக்குக் கரண்டைக் கொண்டுபோக இதைவிடச் சுகமான நூல் கிடையாது. ஒரே கவனம், ஈயம் பற்றவைக்கும் சூடான கோலை அருகே கொண்டுபோகக் கூடாது, நைலான் உருகிவிடும். நாளாக ஆக வெள்ளிக் கொலுசு கறுப்பதைப்போல இதுவும் கறுக்கும்.

இரண்டாவது, துருப்பிடிக்காத எஃகு. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய எஃகு இழைகளை நூலாக நூற்கிறார்கள். பெல்ஜியத்தின் பெக்கார்ட் நிறுவனம் இந்த இழைக்குப் பேர்போனது. முழுவதும் எஃகாலான தையல் நூலும் கிடைக்கிறது. பாலியஸ்டரோடு கொஞ்சம் எஃகு கலந்து நூற்ற நூலும் கிடைக்கிறது. எஃகு கலந்த அந்த நூலைக் கையில் எடுத்தால் சாதாரணச் சாம்பல் நூல் என்றுதான் நினைப்பீர்கள். மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்ததும் அது உயிர் பெறும்!

இந்த நூல்கள் செம்புக் கம்பி மாதிரி கிடையாது. மூன்று புரி எஃகுத் தையல் நூலுக்கு ஒரு அடி நீளத்துக்கு ஏறத்தாழ 10 ஓம் தடை இருக்கும். செம்புக் கம்பியில் இதைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். இங்கே எடுத்தாக வேண்டும். 3 வோல்ட் பட்டன் பேட்டரியில் சிவப்பு எல்.இ.டி. ஜோராக எரியும், அதற்கு 2 வோல்ட் போதும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டியிருப்பதால் அவை சோர்ந்துபோகும். நூலின் நீளம், விளக்கின் நிறம், பேட்டரியின் வலு மூன்றையும் மனதில் வைத்துத்தான் வடிவத்தை வரைய வேண்டும். ஓம் விதியைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவர்களுக்கு, அது விரல்நுனியில் புரியும் இடம் இதுதான்.

ஜரிகைக்கும் இதற்கும் உறவு உண்டு

1990களின் கடைசியில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா ஆய்வகத்தில் ரெமி போஸ்ட், மேகி ஆர்த் உள்ளிட்டோர் துணியால் கணினிச் சுற்று செய்யக் கிளம்பினார்கள். ஜீன்ஸ் ஜாக்கெட் ஒன்றில் எஃகு நூலால் விசைப்பலகையை எம்பிராய்டரி செய்து, தொட்டால் இசை வரும்படி செய்தார்கள். அவர்கள் கையில் எடுத்த இன்னொரு பொருள் என்ன தெரியுமா? பட்டு நூலைச் சுற்றி மெல்லிய உலோகத் தகட்டைச் சுருட்டி நெய்த ஆர்கன்சா துணி, இந்தியாவில் தலைமுறைகளாக நெய்யப்படும் வகை. நடுவில் பட்டு, சுற்றிலும் உலோகம். நம்மூர் ஜரிகை!

இதைப் படித்த அன்றே பாட்டியின் பழைய காஞ்சிப் பட்டை எடுத்து, முந்தானைப் பக்கம் பிரிந்து நின்ற ஒரு ஜரிகை இழையில் மல்டிமீட்டரை வைத்தேன். 'பீப்' என்று ஒலித்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பட்டு நூலைச் சுற்றிய வெள்ளித் தகடு அத்தனை வருஷம் கழித்தும் கரண்டைக் கடத்துகிறது. பிளாஸ்டிக் இழையால் செய்த இன்றைய மினுமினுப்பு ஜரிகைகளில் பலவற்றைச் சோதித்தால் மீட்டர் வாயே திறக்காது. மேலே பூசிய பூச்சு தடுத்துவிடும்.

கார்களுக்கு ஒயரிங் செய்துகொடுக்கும் ஜெர்மனியின் லியோனி நிறுவனத்தின் பூர்விகத்தைத் தோண்டினாலும் ஜரிகைதான் வருகிறது. 1569-இல் நூரம்பெர்க் பகுதிக்கு வந்த அந்தோணி ஃபோர்னியே என்ற கைவினைஞர், துணியில் சேர்க்கும் பொன், வெள்ளி இழைகளைச் செய்த தொழிலிலிருந்துதான் அந்த நிறுவனம் தன் வரலாற்றைத் தொடங்குகிறது. நூலும் மின்கம்பியும் ஒரே பட்டறையில் பிறந்த பிள்ளைகள். மின்கடத்தும் நூலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

நெசவைவிடப் பின்னல் ஏன்?

நெய்த துணியில் பாவும் ஊடும் நேர்கோட்டில் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. இழுத்தால் அதிகம் நீளாது. பின்னலில் நூல் நேராகவே போவதில்லை. ஒவ்வொரு கண்ணியும் கீழ்வரிசைக் கண்ணிக்குள் நுழைந்து, மேல்வரிசைக் கண்ணிக்கு இடம் கொடுத்து நிற்கிறது. இழுத்தால் வளைவுகள் நீள்கின்றன. விட்டால் பழைய இடத்துக்குத் திரும்புகின்றன. பனியன் உடம்போடு ஒட்டி நிற்பதன் ரகசியம் இதுதான். திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்தக் கண்ணிகளை எஃகு கலந்த நூலால் பின்னிப் பாருங்கள். அந்த நூலுக்குள் துண்டு துண்டான எஃகு இழைகள் பாலியஸ்டர் இழைகளோடு கலந்து கிடக்கின்றன. துணி தளர்ந்திருக்கும்போது அவை ஒன்றை ஒன்று அதிகம் தொடுவதில்லை. அதனால் தடை அதிகம். துணியை இழுத்தால் நூல் இறுகுகிறது. கண்ணிகள் ஒன்றை ஒன்று அழுத்துகின்றன. நெரிசலில் நிற்கிற கூட்டத்தைப்போல எஃகு இழைகள் தோளோடு தோள் உரசுகின்றன. கரண்டுக்குப் புதுப்புது வழிகள் திறக்கின்றன. தடை மளமளவென்று இறங்குகிறது. மல்டிமீட்டரை மாட்டிவிட்டுத் துணியை மெதுவாக இழுத்துக்கொண்டே அந்த எண்கள் இறங்குவதைப் பார்க்க வேண்டும். அடடா! கடையில் வாங்கிய எந்த உணரியும் எனக்கு இந்த ஆனந்தத்தைத் தந்ததில்லை. துணியின் மென்மைதான் இங்கே அளவுகோல். பின்னல் நெகிழாவிட்டால் இந்தக் கருவியே இல்லை.

என் கையில் உருவானவற்றில் எனக்கு உயிரானது மூச்சுப் பட்டை. முன்பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பின்னல். மீதிச் சுற்றுக்குத் தையல் கடையில் விற்கும் அகல எலாஸ்டிக். பின்னலை ரிப்பாகப் போடுகிறேன். இரண்டு கண்ணி நிட், இரண்டு கண்ணி பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் துணி சுருங்கிக்கொண்டு நிற்கும். இழுத்தால் தாராளமாக விரியும். முதலில் சில வரிசைகள் கம்பளி, நடுவில் சில வரிசைகள் எஃகு கலந்த நூல், மறுபடி கம்பளி. இதை வட்டமாகப் பின்னாமல் தட்டையாகத்தான் பின்ன வேண்டும். எஃகு வரிசைகளின் இரண்டு முனைகளும் ஒன்றை ஒன்று தொடாமல் தனித்தனியே நிற்க வேண்டும். இரண்டு முனையிலும் உலோக பிரெஸ் பட்டன் ஒன்றைத் தைக்கிறேன். துணிக்குத் துணி கழற்றி மாட்ட இதைவிட நல்ல இணைப்பு எனக்குத் தெரியாது.

எல்.இ.டி.யின் கால்களைக் கூர்மூக்குக் குறடால் சுருட்டிக் குட்டி வளையங்கள் ஆக்கிக்கொண்டால் அதையும் பட்டன்போலவே தைத்துவிடலாம். நீளமான கால்தான் பிளஸ். அதை வட்டமாகச் சுருட்டுவேன். மைனஸ் காலைச் சதுரமாக மடிப்பேன். இருட்டில் தடவிப் பார்த்தே எது எது என்று சொல்லிவிடலாம். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து பட்டைக்கு, பட்டையிலிருந்து விளக்குக்கு, விளக்கிலிருந்து பேட்டரியின் மைனஸுக்கு. தனியாகத் தடை வைக்க வேண்டாம், பின்னலே தடை. புரோகிராம் வேண்டாம். சிப் வேண்டாம்.

கட்டிக்கொண்டு மூச்சை இழுக்கிறேன். மார்பு விரிகிறது, கண்ணிகள் நெருங்குகின்றன, சிவப்பு விளக்கு பிரகாசமாகிறது. மூச்சை விடுகிறேன், மங்குகிறது. வேகமாக மாடிப்படி ஏறி வந்தால் அதுவும் வேகமாகத் துடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மூச்சை, என் கையால் பின்னிய கம்பளித் துண்டு எனக்குக் காட்டுகிறது. இதைப் பார்த்து நெகிழாத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பின்னல்காரருக்கு ஏற்கெனவே தெரிந்த வித்தைகள்

எனக்கு இன்னொரு பெரிய ஆச்சரியம்: மின்சாரத்துக்குத் தேவையான எல்லாமே பழைய பின்னல் நுட்பங்களுக்குள் தயாராக இருக்கின்றன.

ஸ்வெட்டரில் பூவும் கட்டமுமாக நிறத்தை மாற்றிப் போடும் இன்டார்சியா முறையில், ஒவ்வொரு நிறமும் தன் எல்லைக்குள்ளேயே நிற்கும். பின்பக்கம் நூல் தாண்டி ஓடாது. அதே முறையில் வெள்ளி நூலைப் போட்டால், ஒன்றோடொன்று ஒட்டாத தனித்தனி மின்பாதைகள் கிடைத்துவிடும். இரட்டைப் பின்னலில் ஒரே ஊசியில் இரண்டு அடுக்குத் துணி ஒருசேர உருவாகும். கடத்தும் அடுக்கை வெளியே விட்டு, தோலோடு படுகிற உள்ளடுக்கைப் பருத்தியில் போட்டால் வியர்வை அதன்மேல் நேரடியாகப் படாது. நாலு கண்ணியில் குழல்போல வளரும் கயிறு ஒன்று பின்னுவார்கள். பைக்குக் கைப்பிடியாகவும் குல்லாவுக்கு நாடாவாகவும் வரும். அதை வெள்ளி நூலைச் சுற்றிப் பின்னினால், உள்ளே கடத்தி, வெளியே கம்பளி உறை. உறை போட்ட ஒயர் தயார்!

எஃகு நூலுக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. போட்ட முடிச்சு தானே அவிழப் பார்க்கும். முடிச்சின்மேல் நிறமில்லா நகப்பூச்சை ஒரு சொட்டு வைத்தால் அடங்கிவிடும்.

பெண்களின் கைகள் எழுதிய கணினி

கைவேலையும் கணினியும் சேர்வது புதிதல்ல. நிலவுக்கு மனிதனைக் கொண்டுபோன அப்பல்லோ விண்கலத்தின் கணினிக்கு நினைவகம் எப்படிச் செய்தார்கள் என்று படித்துப் பாருங்கள். ரேதியான் ஆலையில் பெண்கள் உட்கார்ந்து, சின்னச் சின்னக் காந்த வளையங்களுக்குள்ளும் வெளியிலுமாகக் கம்பியைக் கோத்தார்கள். உள்ளே போனால் 1, வெளியே போனால் 0. கோத்த கம்பிதான் புரோகிராம்.

நூல் கோக்கும் கைகளுக்கு நம் காலத்தில் கணினியின் கதவைத் திறந்தவர் லியா பியூக்லி. அவர் வடிவமைத்த லில்லிபேட் ஆர்டுயினோ 2007-இல் கடைக்கு வந்தது. ஆர்டுயினோ என்பது புரோகிராம் எழுதி இயக்கும் சின்னச் சிப் பலகை. இதுவோ பூவிதழ்போல வட்டமான பலகை. விளிம்பெங்கும் ஊசி நுழையும் ஓட்டைகள். ஈயப் பற்று வைக்காமல் நூலாலேயே தைத்துச் சுற்றை முடித்துவிடலாம். 2010-இல் அவரும் பெஞ்சமின் மாகோ ஹில்லும் வெளியிட்ட ஆய்வு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அவர்கள் பார்த்த சாதாரண ஆர்டுயினோ படைப்புகளில் பெண்கள் செய்தவை வெறும் 2 சதவீதம். லில்லிபேட் படைப்புகளில் 65 சதவீதம்! சிப் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஈயத்துக்குப் பதில் நூல் வந்தது. அவ்வளவுதான் மாற்றம்.

கோபாகாந்த் என்ற பெயரில் இயங்கும் ஹன்னா பெர்னர்-வில்சன், மிகா சடோமி இருவருக்கும் நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். எந்த நூலை எங்கே பயன்படுத்தலாம், உணரியை எப்படிப் பின்னலாம், எப்படித் தைக்கலாம் என்று தாங்கள் கண்டுபிடித்ததையெல்லாம் படத்தோடு இலவசமாக உலகத்துக்கு வைத்திருக்கிறார்கள். பொம்மைப் பின்னல் குழலில் சுற்றிச் சுற்றி நீட்சி உணரி செய்வதை அங்கே பார்த்தபோதுதான் எனக்கு இந்தக் கிறுக்கே பிடித்தது.

பெரிய ஆய்வகங்களும் இதே கண்ணியைத்தான் நம்பியிருக்கின்றன. பிலடெல்பியாவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில், ஷிமா செய்கி பின்னல் இயந்திரத்தில் கர்ப்பிணிகளுக்கான வயிற்றுப் பட்டை ஒன்றைப் பின்னினார்கள். அதில் கடத்தும் நூலால் ஆன ஆன்டெனா இருக்கிறது. வயிறு இறுகித் தளரும்போது ஆன்டெனாவின் வடிவம் மாறும். அதை வெளியே இருக்கும் கருவி ரேடியோ அலை வழியாகப் படித்துக்கொள்ளும். பட்டைக்குள் பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. எம்.ஐ.டி. மீடியா ஆய்வகத்தில் இர்மாண்டி விசாக்சோனோவின் குழு 2022-இல் காட்டிய பின்னல் விரிப்பு, அதன்மேல் நிற்பவர் எந்த யோகாசனத்தில் இருக்கிறார் என்று பாதங்களின் அழுத்தத்தை வைத்தே சொன்னது. என் கையில் இருக்கும் ரிப் துண்டும் அந்த விரிப்பும் ஒரே குடும்பம் என்று நினைத்தாலே பெருமையாக இருக்கிறது.

அத்தையின் கேள்வி

எனக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அத்தை. மூச்சுப் பட்டையை அவரிடம் காட்டியபோது முதலில் கேட்ட கேள்வி: "ஏங்கண்ணு, இதுல கரண்டு அடிக்காதா?"

"அடிக்காதுங்கத்தை. மூணே வோல்ட்டுதான். கைக்கடிகாரத்துல போடற மாதிரி பேட்டரிங்க."

அவர் பட்டையை வாங்கி இழுத்துப் பார்த்தார். விளக்கு எரிந்தது. மறுபடி இழுத்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைத் திருப்பி, "ரிப்பு இன்னும் கொஞ்சம் இறுக்கமாப் போட்டிருக்கலாம் கண்ணு. அப்பத்தான் விட்டா நல்லாச் சுருங்கும்" என்றார். ஒரு சின்ன ஊசிக்கு மாறி அவர் பின்னிக்கொடுத்த துண்டு, இழுத்து விட்டதும் சட்டென்று பழைய நிலைக்கு வந்தது. ஓம் என்றால் என்னவென்று அத்தைக்குத் தெரியாது. ஆனால் அந்த உணரிக்கு எது நல்லது என்று அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. இந்தத் துறைக்கு மிக அவசியமான அறிவு நம் வீட்டுத் திண்ணைகளில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. சி.ஆர். 2032 போன்ற பட்டன் பேட்டரி போதும். மொபைலில் இருப்பதுபோன்ற லித்தியம் பாலிமர் பேட்டரியைப் பழக்கமில்லாமல் உடம்பில் கட்ட வேண்டாம். துணி மடங்கி இரண்டு பாதைகள் தொட்டுக்கொண்டால் ஷார்ட் ஆகும். பயன்படுத்தாதபோது பேட்டரியைக் கழற்றி வையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பேட்டரி கைக்கு எட்டவே கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. துவைக்கும்போது பேட்டரியையும், சிப் இருந்தால் அதையும் பிரெஸ் பட்டனில் கழற்றிவிட்டு, கையால் அலசி, முறுக்காமல் நிழலில் காயவைத்தால் போதும்.

ஆசை வந்துவிட்டால் அடுத்த படிக்கும் போகலாம். அதே ரிப் துண்டோடு 10 கிலோ ஓம் தடை ஒன்றைத் தொடராகச் சேர்த்து, நடுவிலிருந்து ஆர்டுயினோவின் அனலாக் பின்னுக்கு ஒரு நூலைக் கொடுங்கள். துணி நீள நீள, 0 முதல் 1023 வரையிலான எண்ணாக அது உங்கள் திரையில் ஏறி இறங்கும். அதிலிருந்து இசை செய்யலாம், முழங்கால் பயிற்சியைக் கணக்கெடுக்கலாம், நாட்டியம் ஆடுபவரின் அசைவுக்கு மேடை விளக்கை ஆட்டிவைக்கலாம்.

நம்மிடம் திருப்பூர் இருக்கிறது. ரிப், இன்டர்லாக், சிங்கிள் ஜெர்சி என்று துணியைத் தடவிப் பார்த்தே பெயர் சொல்லும் மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள். பக்கத்திலேயே கோவையில் வரிசையாகப் பொறியியல் கல்லூரிகள். இந்த இரண்டு தரப்பும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும் என்பது என் பேராசை. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளைகளே, ஒரு முறை ஊசியைப் பிடித்துப் பாருங்கள். பின்னத் தெரிந்த அம்மாக்களே, அத்தைகளே, ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். எஃகு கலந்த நூலில் ஒரு சின்ன ரிப் துண்டு பின்னி, மீட்டரை மாட்டி, இழுத்துப் பாருங்கள். மீதியை அந்தத் துண்டே உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்.